கணக்காய்வை வகுப்பறைக்குக் கொண்டுவந்த பேராசிரியர் டிக்ஸி

கோயில் நிர்வாகமோ, கூட்டுறவுச் சங்கமோ, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, எதுவாக இருந்தாலும் ஆண்டுக் கூட்டத்தில் ஒரு கட்டம் தவறாமல் வரும். பொருளாளர் கணக்கறிக்கையை வாசிப்பார். கடைசிப் பக்கத்தில் கணக்காய்வாளரின் கையொப்பம் இருக்கிறதா என்று யாராவது ஒருவர் கேட்பார். இருக்கிறது என்று தெரிந்ததும் கூட்டம் அடுத்த அங்கத்திற்குப் போய்விடும்.

அந்தக் கையொப்பத்தின் பொருள் என்ன? கணக்காய்வாளர் எதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுகிறார்? பணம் களவு போயிருந்தால் அதைக் கண்டுபிடிப்பது அவர் கடமையா? சுமார் 130 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் இக்கேள்விகளுக்கு ஒழுங்கான விடை தேடி, அதை மாணவர்களுக்குப் பாடமாகவும் நடத்தியவர் லாரன்ஸ் ராபர்ட் டிக்ஸி. பிரிட்டிஷ் பல்கலைக்கழகம் ஒன்றில் கணக்கியல் பேராசிரியராக அமர்ந்த முதல் மனிதர் அவரே.

ஓவியர் வீட்டுப் பிள்ளை

டிக்ஸி 1864-ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தார். அவர் குடும்பம் ஓவியக் குடும்பம். தந்தை ஜான் ராபர்ட் டிக்ஸி ஓவியர்; சிட்டி ஆஃப் லண்டன் பள்ளியில் ஓவிய ஆசிரியராகவும் பணியாற்றியவர். சகோதரர் ஹெர்பர்ட் விலங்குகளை வரைந்து பெயர் பெற்றார். நெருங்கிய உறவினரான ஃபிராங்க் டிக்ஸி பின்னாளில் அரச கலைக் கழகத்தின் தலைவராகவே உயர்ந்தார். தூரிகை பிடித்தவர்கள் நிறைந்த அந்த வீட்டில் பேரேட்டைக் கையிலெடுத்தவர் லாரன்ஸ்.

அந்தக் காலத்தில் கணக்காளர் ஆவதற்குக் கல்லூரி கிடையாது. பள்ளி முடித்த இளைஞர் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் 5 ஆண்டுகள் பயிற்சி எழுத்தராகச் சேர வேண்டும். சம்பளம் கிடைப்பது அரிது. பல இடங்களில் பையனைச் சேர்த்துக்கொள்ளவே தந்தை பணம் கட்ட வேண்டியிருந்தது. கூட்டல் சரிபார்ப்பதும், ரசீதுகளை ஏட்டோடு ஒப்பிட்டுக் குறியிடுவதும்தான் பெரும்பாலும் வேலை. ஏன் அப்படிச் செய்கிறோம் என்பதை விளக்கிச் சொல்ல ஆசிரியர் என்று யாரும் இல்லை. முதலாளிக்கு மனமும் நேரமும் இருந்தால் பையன் தொழில் கற்றுக்கொள்வான். இல்லையேல் 5 ஆண்டும் கூட்டல் போட்டே கழியும்.

இங்கிலாந்து, வேல்ஸ் பட்டயக் கணக்காளர் கழகம் 1880-ஆம் ஆண்டு அரச பட்டயம் பெற்று அமைந்தது. அடுத்த ஆண்டு பயிற்சிக்குச் சேர்ந்த டிக்ஸி, 1886-ஆம் ஆண்டு தம் 22-ஆம் வயதில் அக்கழகத்தின் உறுப்பினரானார்.

ஒரு வங்கி விழுந்த கதை

டிக்ஸியின் தலைமுறை இத்தொழிலுக்குள் நுழைந்தபோது எல்லாருடைய நினைவிலும் ஒரு பேரிடர் பசுமையாக இருந்தது. 1878-ஆம் ஆண்டு அக்டோபரில் ஸ்காட்லாந்தின் சிட்டி ஆஃப் கிளாஸ்கோ வங்கி கதவடைத்தது. அதன் இயக்குநர்கள் பல ஆண்டுகளாகக் கணக்கைத் திரித்து, நட்டத்தை மறைத்து, இலாப ஈவும் கொடுத்து வந்திருந்தனர். திறந்து பார்த்தபோது 60 இலட்சம் பவுண்டுக்கும் மேல் பள்ளம்.

அந்த வங்கியின் பங்குதாரர்களுக்கு வரையறுக்கப்பட்ட பொறுப்பு என்ற பாதுகாப்பு இல்லை. வங்கியின் கடனுக்கு அவர்களின் சொந்த வீடும் நிலமும் ஈடு. 1,819 பங்குதாரர்களில் கடன் தீர்த்து நிமிர்ந்து நின்றவர்கள் 254 பேர் மட்டுமே. விதவைகளும், ஓய்வுபெற்றவர்களும், பிள்ளைகளுக்காகப் பங்கு வாங்கி வைத்தவர்களும் ஒரே குளிர்காலத்தில் ஓட்டாண்டி ஆயினர். இயக்குநர்கள் சிறைக்குப் போனார்கள். ஆனால் போன பணம் திரும்பவில்லை.

ஆண்டுதோறும் அச்சிட்டு அனுப்பப்பட்ட கணக்கை நம்பியதைத் தவிர அந்தப் பங்குதாரர்கள் வேறொரு தவறும் செய்யவில்லை. வங்கி நிர்வாகத்திற்கு வெளியே இருந்து, கணக்கைப் புரட்டிப் பார்க்கும் ஒருவர் வேண்டும் என்ற குரல் அதன்பின் ஓங்கியது. மறு ஆண்டே வங்கிகளுக்கான கணக்காய்வு சட்டத்தில் ஏறியது. பிற நிறுவனங்கள் அனைத்துக்கும் அது கட்டாயமாக 1900-ஆம் ஆண்டு வரை ஆயிற்று.

28 வயதில் எழுதிய நூல்

1889-ஆம் ஆண்டு டிக்ஸி வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகருக்குச் சென்று ஒரு கணக்காளருடன் கூட்டாகத் தொழில் நடத்தினார். நிலக்கரி ஏற்றுமதியால் கார்டிஃப் துறைமுகம் வளர்ந்துகொண்டிருந்த நேரம் அது. பகலில் தொழிலைப் பார்த்துக்கொண்டே அங்குள்ள தொழில்நுட்பப் பள்ளியில் கணக்குப் பதிவியல் கற்பித்தார். ஆசிரியப் பணியில் அவர் வைத்த முதல் அடி அது.

எழுதவும் தொடங்கினார். 1892-ஆம் ஆண்டு அவருடைய ‘ஆடிட்டிங்’ என்ற நூல் லண்டனில் வெளியானது. அப்போது அவருக்கு வயது 28. கணக்காய்வு பற்றி அதற்கு முன் நூலே இல்லை என்று சொல்ல முடியாது. ஃபிரான்சிஸ் பிக்ஸ்லி என்பவரின் நூல் 1881-ஆம் ஆண்டே வந்துவிட்டது. ஆனால் டிக்ஸியின் நூல் மாணவனின் கையில் நின்றது. வேலையை எங்கே தொடங்குவது, எந்த ஏட்டை எதனுடன் ஒப்பிடுவது, வங்கி என்றால் எதைப் பார்ப்பது, சுரங்கம் என்றால் எதைப் பார்ப்பது என்று படிப்படியாகச் சொன்னது. பின்னிணைப்பில் சட்டங்களையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் சேர்த்துக் கொடுத்தது.

கணக்காய்வின் நோக்கங்களை அந்நூல் மூன்றாகப் பிரித்தது. முதலாவது, மோசடியைக் கண்டுபிடிப்பது. இரண்டாவது, பதிவில் நேரும் தொழில்நுட்பப் பிழைகளைக் கண்டுபிடிப்பது. மூன்றாவது, கோட்பாட்டுப் பிழைகளைக் கண்டுபிடிப்பது.

மூன்றாவது நோக்கம்தான் நுட்பமானது. ஒரு கடைக்காரர் 1,000 வெள்ளிக்கு இயந்திரம் வாங்குகிறார். 10 ஆண்டுகளில் அது தேய்ந்து பழைய இரும்பாகிவிடும். ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தேய்மானத்தைச் செலவில் சேர்க்காமல் விட்டால் கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாகவே இருக்கும், ரசீதும் இருக்கும், யாரும் ஒரு காசும் எடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர் காட்டும் இலாபம் பொய். அந்த இலாபத்தைப் பங்கு பிரித்துக் கொடுத்தால் முதலையே பிய்த்துக் கொடுக்கிறார் என்று பொருள். இப்படிப்பட்ட பிழையைக் கூட்டல் மட்டும் தெரிந்தவர் பிடிக்க முடியாது. கணக்கின் அடிப்படை தெரிந்தவர்தான் பிடிக்க முடியும் என்பது டிக்ஸியின் வாதம். தேய்மானத்தைக் கழித்த பிறகே உண்மையான இலாபம் தெரியும் என்பதை அவர் தொடர்ந்து வலியுறுத்தினார். அக்காலத்து நீதிமன்றங்கள் இவ்விஷயத்தில் தளர்வாக இருந்தன. 1889-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று, சுரங்கம் போல் தேய்ந்துபோகும் சொத்தை ஈடுசெய்யாமலேயே இலாப ஈவு கொடுக்க அனுமதித்திருந்தது.

எல்லா ரசீதையும் கணக்காய்வாளர் ஒருவரே பார்த்துவிட முடியாது என்பதையும் அவர் அறிந்திருந்தார். ஓர் அலுவலகத்தில் பணம் வாங்குபவர் ஒருவர், ஏட்டில் எழுதுபவர் இன்னொருவர், சரிபார்ப்பவர் மூன்றாமவர் என்று வேலை பிரிந்திருந்தால், ஒருவர் செய்யும் தவற்றை மற்றவர் பிடித்துவிடுவார். அத்தகைய உள்கட்டுப்பாடு நன்றாக இருக்கும் இடத்தில் கணக்காய்வாளர் ஒவ்வொரு வரியையும் துருவ வேண்டிய தேவை குறையும் என்று அவர் எழுதினார். இன்றும் பொருளாளர், செயலாளர், தலைவர் என மூவரில் இருவர் காசோலையில் கையெழுத்திட வேண்டும் என்று நம் சங்கங்கள் விதி வைத்திருப்பதற்குப் பின்னாலும் இதே எண்ணம்தான் இருக்கிறது.

இரண்டு தீர்ப்புகள்

நூல் வெளிவந்த சில ஆண்டுகளிலேயே அதன் கருத்துகள் நீதிமன்றத்தில் சோதனைக்கு வந்தன.

லண்டன் அண்ட் ஜெனரல் வங்கி வழக்கில் 1895-ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. வங்கி கொடுத்த கடன்களுக்குப் போதிய ஈடு இல்லை என்பது கணக்காய்வாளருக்குத் தெரியும். அதை அவர் இயக்குநர்களிடம் அறிக்கையாகவே கொடுத்திருந்தார். ஆனால் பங்குதாரர்களுக்கு அனுப்பிய சான்றில் அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. நீதிமன்றம் அவரைப் பொறுப்பாளி ஆக்கியது. உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் நிர்வாகியின் அறை அன்று, பங்குதாரர்களின் முன்னிலை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

மறு ஆண்டு வந்த கிங்ஸ்டன் பருத்தி ஆலை வழக்கு வேறு திசையில் போனது. ஆலையின் மேலாளர் பல ஆண்டுகளாகக் கையிருப்புச் சரக்கை இருப்பதைவிட அதிகமாகக் காட்டி இலாபத்தை ஊதிப் பெருக்கினார். கணக்காய்வாளர்கள் அவர் கொடுத்த சான்றை அப்படியே ஏற்றுக்கொண்டனர். ஏட்டிலிருந்த கொள்முதலையும் விற்பனையையும் வைத்து ஒப்பிட்டிருந்தாலே சந்தேகம் வந்திருக்கும். ஆனாலும் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. நம்பகமான ஊழியரைச் சந்தேகிக்கக் காரணம் இல்லாதபோது நம்புவது குற்றமாகாது, கணக்காய்வாளர் காவல் நாயைப் போன்றவரே தவிர மோப்ப நாய் அல்லர் என்ற பொருளில் தீர்ப்பு அமைந்தது.

ஒரு தீர்ப்பு தொழிலை இறுக்கியது, மற்றொன்று தளர்த்தியது. இரண்டுக்கும் நடுவே நின்று, நேர்மையான கணக்காய்வாளர் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கற்பிக்கும் பொறுப்பு டிக்ஸி போன்ற ஆசிரியர்களின் தலையில் விழுந்தது. புதிய சட்டமும் தீர்ப்பும் வர வர அவர் தம் நூலைத் திருத்தி வெளியிட்டார். அவர் காலத்திலேயே அது பத்துக்கும் மேற்பட்ட பதிப்புகளைக் கண்டது.

பல்கலைக்கழகத்தில் ஒரு நாற்காலி

1894-ஆம் ஆண்டு லண்டனுக்குத் திரும்பிய டிக்ஸியை 1902-ஆம் ஆண்டு பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் அழைத்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் தொடங்கப்பட்டிருந்த அப்பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஷ்லி என்ற பொருளாதார அறிஞர் வணிகவியல் துறையை உருவாக்கிக்கொண்டிருந்தார். வணிகம் படிக்கும் மாணவன் கணக்குத் தெரியாமல் பட்டம் பெறக்கூடாது என்பது அவர் எண்ணம். கணக்கியல் பேராசிரியர் பதவி டிக்ஸிக்குக் கிடைத்தது.

இரு பக்கமும் முணுமுணுப்பு இருந்தது. பழைய கல்விமான்களுக்குக் கணக்கெழுதுவது எழுத்தர் வேலை. லத்தீனும் கணிதமும் கற்பிக்கும் இடத்தில் அதற்கு என்ன வேலை என்று கருதினர். தொழிலில் இருந்தவர்களோ, அலுவலகத்தில் கற்க வேண்டியதை வகுப்பறையில் எப்படிக் கற்பது என்று ஐயுற்றனர். டிக்ஸி இரண்டு கரையிலும் கால் வைத்திருந்தவர். லண்டனில் தம் அலுவலகத்தை நடத்தியபடியே பர்மிங்ஹாமில் பாடம் எடுத்தார். அங்கே 1906-ஆம் ஆண்டு வரை இருந்தார்.

அதே 1902-ஆம் ஆண்டு லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் விரிவுரையாளராகச் சேர்ந்திருந்தார். பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் வந்து படிக்கும் எழுத்தர்களும் ரயில்வே ஊழியர்களும் நிறைந்த இடம் அது. தொடக்கம் முதலே பெண்களையும் சேர்த்துக்கொண்ட கல்விக்கூடம். பட்டயக் கணக்காளர் கழகம் பெண்ணுக்குக் கதவு திறந்தது 1920-ஆம் ஆண்டில்தான்.

1907-ஆம் ஆண்டு முதல் முதலாம் உலகப் போர் தொடங்கும்வரை அப்பள்ளியில் ராணுவ அதிகாரிகளுக்கான வகுப்பு ஒன்று நடந்தது. தென்னாப்பிரிக்கப் போரில் தளவாடக் கணக்கும் நிர்வாகமும் சீர்கெட்டுப் போனதைக் கண்ட அரசாங்கம், அதிகாரிகளை வணிக நிர்வாகம் படிக்க அனுப்பியது. அவர்களுக்குக் கணக்கு கற்பித்தவர்களில் டிக்ஸியும் ஒருவர்.

போருக்குப் பின் செல்வந்தர் எர்னஸ்ட் கேசல் பெயரில் அமைந்த பேராசிரியர் இருக்கை அவருக்குக் கிடைத்தது. லண்டன் பல்கலைக்கழகத்தின் வணிகவியல் பட்டம் உருப்பெற்ற காலமும் அதுவே. 1926-ஆம் ஆண்டு அவர் ஓய்வு பெற்றார். இதற்கிடையே தேய்மானம், வணிக நன்மதிப்பின் விலை, உயர்நிலைக் கணக்கியல், அலுவலக இயந்திரங்கள் என அவர் எழுதிய நூல்கள் வரிசையாக வந்தன.

கடல் கடந்த கணக்கு

டிக்ஸியின் நூல் அமெரிக்காவுக்கும் போனது. ராபர்ட் மான்ட்கோமரி என்ற அமெரிக்கக் கணக்காளர் 1905-ஆம் ஆண்டு அதன் அமெரிக்கப் பதிப்பை வெளியிட்டார். பின்னர் 1912-ஆம் ஆண்டு தமது சொந்த நூலை எழுதியபோது, மோசடியைக் கண்டுபிடிப்பதே முதல் நோக்கம் என்ற பழைய பாடத்தை அவர் மாற்றினார். நிறுவனத்தின் உண்மையான நிதிநிலையைக் காட்டுவதுதான் முதன்மை என்றார். உலகம் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தது.

மலாயாவுடனும் அந்தக் காலத்துக் கணக்காய்வுக்குத் தொடர்பு உண்டு. 1910-ஆம் ஆண்டை ஒட்டி ரப்பர் விலை உச்சத்தில் ஏறியபோது மலாயாத் தோட்டங்களுக்காக லண்டனில் நிறுவனங்கள் அடுத்தடுத்துப் பதிவாயின. பங்கு வாங்கியவர்கள் ரப்பர் மரத்தைக் கண்ணால் கண்டதில்லை. தோட்டத்தில் கிராணி எழுதிய செக்ரோல் தோட்ட அலுவலகக் கணக்கில் ஏறி, கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருந்த ஏஜென்சி நிறுவனம் வழியாக லண்டன் ஏட்டுக்குப் போய், ஆண்டுக் கணக்கில் சில வரிகளாக முடிந்தது. அதன் அடியில் பட்டயக் கணக்காளர் கையொப்பமிட்டார்.

அந்தக் கணக்காய்வு யாருக்காக நடந்தது என்பதை மறக்கக்கூடாது. பங்குதாரரின் பணம் பத்திரமாக இருக்கிறதா என்பதே கேள்வி. செக்ரோலில் இல்லாத ஆளின் பெயரைச் சேர்த்துச் சம்பளம் எடுத்திருந்தால் அது மோசடி. கணக்காய்வாளர் தேட வேண்டியது அதை. ஆனால் வெயிலிலும் மழையிலும் பால் வெட்டிய தொழிலாளிக்குக் கொடுத்த கூலி போதுமா என்ற கேள்விக்கு எந்த ஏட்டிலும் பத்தி இல்லை. கூலி என்பது செலவுக் கணக்கில் ஓர் எண்; அவ்வளவே. டிக்ஸி வகுத்த கணக்காய்வின் எல்லை அங்கே முடிந்தது. அது அவர் ஒருவரின் குறை அன்று. அக்காலச் சட்டம் கணக்காய்வாளருக்கு வரைந்த வட்டமே அதுதான்.

அவருக்குப் பின் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் பேராசிரியர் பொறுப்பை ஏற்றவர் ஃபிரெடெரிக் டி பாவ்லா. அவர் சில ஆண்டுகளில் பல்கலைக்கழகத்தை விட்டு, மலாயாவில் பெரும் தோட்டங்களை வைத்திருந்த டன்லப் ரப்பர் நிறுவனத்தின் தலைமைக் கணக்காளரானார். துணை நிறுவனங்களின் கணக்கையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, பங்குதாரருக்குப் புரியும்படி அவர் உருவாக்கிய டன்லப்பின் 1933-ஆம் ஆண்டுக் கணக்கு மற்ற நிறுவனங்களுக்கு முன்மாதிரி ஆயிற்று.

மறைவும் மிச்சமும்

டிக்ஸி 1932-ஆம் ஆண்டு காலமானார். அதற்கு முந்தைய ஆண்டுதான் ராயல் மெயில் கப்பல் நிறுவன வழக்கு இங்கிலாந்தையே உலுக்கியிருந்தது. பழைய இரகசியச் சேமிப்பிலிருந்து பணத்தை எடுத்து, நட்ட ஆண்டுகளை இலாப ஆண்டுகளாகக் காட்டியிருந்தது அந்நிறுவனம். தலைவர் கில்சன்ட் பிரபு வேறொரு குற்றச்சாட்டில் சிறை சென்றார், கணக்காய்வாளர் விடுதலையானார். சிட்டி ஆஃப் கிளாஸ்கோ வங்கி விழுந்து 53 ஆண்டுகள் கழிந்தும், அச்சிட்ட கணக்கை நம்பலாமா என்ற கேள்வி தீர்ந்தபாடில்லை.

பல்கலைக்கழகத்தில் அவர் போட்ட விதையும் மெதுவாகத்தான் முளைத்தது. பிரிட்டனில் முழுநேரக் கணக்கியல் பேராசிரியராக வில்லியம் பேக்ஸ்டர் அமர்ந்தது 1947-ஆம் ஆண்டில். டிக்ஸி பர்மிங்ஹாமில் பாடம் தொடங்கி அப்போது 45 ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம் பிள்ளைகள் பலர் கணக்கியல் பட்டம் படிக்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. பணம் கட்டிப் பயிற்சிக்குச் சேர வேண்டிய தொழிலைத் தேர்வெழுதிச் சேரும் கல்வியாக்கியவர்களின் வரிசையில் டிக்ஸிக்கு முன்வரிசையில் இடம் உண்டு.

அவர் முதலிடம் கொடுத்த நோக்கம் மட்டும் இன்று இடம் மாறிவிட்டது. மோசடியைத் தடுப்பதும் கண்டுபிடிப்பதும் முதலில் நிர்வாகத்தின் பொறுப்பு என்றுதான் இன்றைய அனைத்துலகத் தணிக்கைத் தரநிலை சொல்கிறது. கணக்காய்வாளர் தருவது நியாயமான உறுதி; முழு உத்தரவாதம் அன்று. பொதுமக்களோ கையொப்பத்தைக் கண்டதும், ஒரு காசும் களவு போகவில்லை என்று இன்னும் நம்புகிறார்கள்.

நம் சங்கங்கள் ஆண்டுதோறும் சங்கப் பதிவு இலாகாவுக்குக் கணக்கறிக்கை அனுப்புகின்றன. அதற்கு முன் அது உறுப்பினர் கூட்டத்திற்கு வருகிறது. கையொப்பம் இருக்கிறதா என்று கேட்பதோடு நில்லாமல், பணம் வாங்குபவரும் எழுதுபவரும் ஒருவரேவா, வங்கி அறிக்கையைக் கணக்காய்வாளர் நேரில் பார்த்தாரா, சொத்துகளின் மதிப்பு எப்படிப் போடப்பட்டது என்றும் உறுப்பினர் கேட்கலாம். டிக்ஸி தம் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது இத்தகைய கேள்விகளைத்தான். அவற்றைக் கேட்கப் பட்டம் எதுவும் தேவையில்லை.